ஓசை வந்ததால் ஓய்ந்தவர்களா?



சென்ற கோடை விடுமுறையில், நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு "சினிமா வந்த கதை" என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் சினிமாக்காரன் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவன். ஆனால் சிறு வயதில் ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். அங்கே மாதத்தில் ஓரிரு நாள் வெள்ளைத் திரை கட்டி 16 எம்.எம். படம் போடுவார்கள். பெரிய படத்துக்கு முன்னால் சாப்ளின், லாரல்-ஹார்டி துண்டுப் படங்கள் ஓடும். மண்ணில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்த அந்த நாட்களின் தைரியத்தில்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

வகுப்பில் நான் சொன்னது இதுதான்: "1927-இல் பேசும் படம் வந்தது. அத்தோடு ஊமைப் படச் சிரிப்பு நடிகர்களின் காலம் முடிந்தது. அவர்களுக்கு உடம்பால் நடிக்கத்தான் தெரியும், வாயால் பேசத் தெரியாது. எல்லாரும் காணாமற் போனார்கள்."

முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "தாத்தா, அவங்க குரல் நல்லா இருக்காதா? நீங்க கேட்டிருக்கீங்களா?"

நான் கேட்டதில்லை. எங்கோ படித்ததைத்தான் ஒப்பித்திருந்தேன். "நேரமாகிவிட்டது, அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்று சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அளந்து பார்க்காமல் அறிக்கை எழுதுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். அந்தக் குற்றத்தைப் பிள்ளைகள் முன்னால் செய்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தச் சிறுமிக்கு நான் தர வேண்டிய பதில்.

தடம் புரண்ட இடமும் விழுந்த இடமும்

முதலில் என் தொழிலிலிருந்து ஒரு செய்தி. ஒரு வண்டி தடம் புரண்டால் கூட்டம் கூடி நிற்பது பெட்டி கவிழ்ந்து கிடக்கும் இடத்தில். விசாரணைக்குப் போகிற நாங்கள் அங்கே நிற்பதில்லை. கட்டைகளில் சக்கரம் பதித்த தழும்பைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடப்போம். சக்கரம் தண்டவாளத்தை விட்டுக் கீழே இறங்கிய இடம் ஒன்று இருக்கும். அதற்கும் பின்னால், சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிய இடம் இருக்கும். தண்டவாளத்தின் தலையில் மெல்லிய கீறலாகத்தான் அது தெரியும். ஏறிய இடத்திலிருந்துதான் எங்கள் கணக்குத் தொடங்கும். அங்கிருந்து இன்னும் பின்னால் போய் அகலம், மட்டம், வளைவு எல்லாவற்றையும் அளப்போம். விழுந்த இடத்தையே காரணம் என்று எழுதினால் அந்த அறிக்கையை மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

சினிமா வரலாற்றில் "ஓசை வந்தது" என்பது பல நடிகர்களுக்கு விழுந்த இடமாக இருக்கலாம். சக்கரம் ஏறிய இடமும் அதுதானா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பஸ்டர் கீட்டன்: ஒரு விசாரணை

சாப்ளினை அறியாத தமிழர் இல்லை. பஸ்டர் கீட்டனை நம்மில் பலர் அறிய மாட்டோம். 1895-இல் அமெரிக்காவில் பிறந்தவர். முகத்தில் சிரிப்பே காட்டாமல் பிறரைச் சிரிக்க வைத்தவர். என்னைப் போன்ற ரயில்வேக்காரன் அவருக்கு அடிமையாவதற்கு ஒரே படம் போதும். 1926 டிசம்பர் 31-ஆம் நாள் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'தி ஜெனரல்'. உள்நாட்டுப் போரின்போது தன் நீராவி எஞ்சினைத் திருடிக்கொண்டு போனவர்களைத் துரத்தும் ஒரு டிரைவரின் கதை. அதில் எரியும் மரப்பாலத்தின் மேல் ஒரு நிஜ எஞ்சின் ஏறி, பாலத்தோடு ஆற்றில் விழுகிறது. பொம்மை அல்ல, தந்திரக் காட்சியும் அல்ல. அந்த எஞ்சின் ஆரிகன் மாநிலத்து ஆற்றிலேயே பல ஆண்டுகள் கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் இரும்புக்காக எடுத்தார்களாம்.

இந்தப் படத்தை இன்று உலகமே கொண்டாடுகிறது. வெளிவந்தபோது கதை வேறு. செலவு மிக அதிகம், அதற்கேற்ற வசூல் இல்லை, விமர்சகர்களும் கைவிட்டார்கள். அதுவரை கீட்டன் தமக்கென ஒரு சிறிய குழுவை வைத்துக்கொண்டு, தாமே யோசித்து, தாமே இயக்கி, பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்து வந்தவர். இந்த அடிக்குப் பிறகு அந்தச் சுதந்திரம் ஆட்டம் கண்டது. 1928 தொடக்கத்தில் எம்.ஜி.எம். என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். வேண்டாம் என்று சாப்ளினும் ஹரால்டு லாயிடும் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில், தம் வாழ்வின் மிகப் பெரிய தவறு அதுவே என்று ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பே கொடுத்துவிட்டார்.

அவருடைய முதல் பேசும் படமான 'ஃப்ரீ அண்ட் ஈஸி' வந்தது 1930-இல். அதாவது ஒப்பந்தம் போட்டு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. சக்கரம் ஏறிய கீறல் 1928-இல் இருக்கிறது. ஓசை அதற்குப் பின்னால் வந்தது.

சரி, குரல்? சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். என் பேரன் கைப்பேசியில் தேடிப் போட்டுக் காட்டினான். தெளிவான, சற்றே கரகரத்த கட்டைக் குரல். வெட்கப்பட வேண்டிய குரலே அல்ல. எப்படி இருக்கும்? பால்மணம் மாறாத வயதிலேயே தாய் தந்தையரோடு மேடையேறி, பேசியும் விழுந்தும் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை அவர். இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. அந்நாளில் டப்பிங் வசதி சரியாக வராததால், ஒரே படத்தை வேறு மொழிகளில் மறுபடி நடித்து எடுத்தார்கள். அப்படிக் கீட்டன் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழி வசனங்களைக்கூட உருப்போட்டுப் பேசி நடித்திருக்கிறார். பேச வராதவர் என்று நான் வகுப்பில் சொன்ன மனிதர் இவர்தான்!

அந்த நிறுவனத்தில் அவர் நடித்த பேசும் படங்கள் தோல்வியும் அடையவில்லை. நல்ல வசூல். ஆனால் கதை வேறொருவர் எழுதுவார், வசனம் வேறொருவர், எப்படி விழ வேண்டும் என்பதைக்கூட அலுவலகம் தீர்மானிக்கும். கூடவே குடிப்பழக்கம், 1932-இல் மணமுறிவு. 1933 பிப்ரவரியில் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

இங்கே வரலாற்றுப் புத்தகங்கள் பல முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. கீட்டன் வைக்கவில்லை. 1934 முதல் 1941 வரை இரண்டு நிறுவனங்களுக்காக இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களில் நடித்தார். தம்மை நீக்கிய அதே நிறுவனத்துக்கு, பிற நடிகர்களுக்காகச் சிரிப்புக் காட்சிகளை யோசித்துத் தரும் சம்பளக்காரராகத் திரும்பிப் போனார். 1950-இல் 'சன்செட் புலவார்டு', 1952-இல் சாப்ளினோடு 'லைம்லைட்', பிறகு தொலைக்காட்சி என்று 1966 பிப்ரவரி 1-ஆம் நாள் இறக்கும் வரை வேலை செய்துகொண்டேயிருந்தார்.

மற்றவர்கள் கணக்கு

ஒரு விபத்தை வைத்துப் பொதுவிதி எழுதக்கூடாது. ஆகையால் மற்றவர்களையும் பார்ப்போம்.

சாப்ளின்: சொந்த ஸ்டுடியோ, சொந்தப் பணம். 1919-இல் நண்பர்களோடு சேர்ந்து விநியோக நிறுவனமே தொடங்கியவர். அதனால் அவரால் காத்திருக்க முடிந்தது. உலகமே பேசிக்கொண்டிருந்த 1931-இல் 'சிட்டி லைட்ஸ்' படத்தை இசையோடு மட்டும் வெளியிட்டார். 1936-இல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் வாயைத் திறந்தார், எந்த மொழியிலும் சேராத சொற்களில் ஒரு பாட்டுக்காக. 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில்தான் முழுவதும் பேசினார்.

ஹரால்டு லாயிட்: மூக்குக் கண்ணாடிக்காரர், மாடிக் கட்டடத்துக் கடிகார முள்ளில் தொங்குவாரே, அவர். 1929-இல் வந்த இவருடைய முதல் பேசும் படம் பெரிய வெற்றி. 1938 வரை தொடர்ந்து நடித்தார். 1947-இல் இன்னும் ஒன்று.

ஹாரி லாங்டன்: குழந்தை முகம் கொண்டவர். 1927-இல் தம் வெற்றிக்குத் துணையாக இருந்த இயக்குநர் ஃபிராங்க் காப்ராவை விலக்கிவிட்டுத் தாமே இயக்கத் தொடங்கினார். அடுத்தடுத்து மூன்று படங்கள் சறுக்கின. 1928-இல் நிறுவனம் கைகழுவியது. ஆக, இவர் விழுந்ததே ஊமைப் படக் காலத்தில்தான். ஆனால் 1944-இல் இறக்கும் வரை நடிப்பதும், லாரல்-ஹார்டி படங்களுக்குக் காட்சி எழுதுவதுமாக உழைத்துக்கொண்டே இருந்தார்.

லாரல்-ஹார்டி: ஊமைப் படத்தில் ஜோடி சேர்ந்தவர்கள். ஓசை வந்தபோது முன்னைவிட உயரே போனார்கள். பியானோவைப் படிக்கட்டில் ஏற்றும் 'தி மியூசிக் பாக்ஸ்' 1932-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. அது பேசும் படம்.

ஐந்து பேர் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். குரல் கெட்டதால் வீழ்ந்தவர் ஒருவர்கூட இல்லை. தம் வேலையின் மேல் தமக்கு எவ்வளவு உரிமை இருந்தது என்பதே பெரிதும் வித்தியாசத்தை உண்டாக்கியது.

நம் பக்கத்துக் கதை

"அதெல்லாம் அமெரிக்கா. நம் பக்கம் என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கு நாம் குடியிருக்கும் ஊரிலேயே விடை இருக்கிறது.

தொண்ணூறுகளில் பெங்களூர் - தும்கூர் - அரசீகெரே மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றும் பணி நடந்தது. அதில் நானும் இருந்தேன். தும்கூரைத் தாண்டினால் குப்பி என்று ஒரு நிலையம். அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் பகுதியில் வேலை பார்த்த வயதான கேங்மேன் ஒருவர் கன்னடத்தில் கேட்டார்: "சார், இது எந்த ஊர் தெரியுமா? வீரண்ணா ஊர்." எனக்குத் தெரியவில்லை. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, ஒரு திருடன் பதுங்கிப் பதுங்கி நடக்கும் நடையை நடந்து காட்டினார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வீரண்ணா அவர்கள் காலமாகி அப்போதே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

குப்பி வீரண்ணா கன்னட நாடக உலகின் பெரிய தூண். 1884-இல் தொடங்கிய குப்பி சென்னபசவேஸ்வர நாடகக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, பிறகு அதன் உரிமையாளரானவர். மேடையில் யானையையும் குதிரையையும் ஏற்றி 'குருக்ஷேத்ர' நாடகம் போட்டவர். ஆனால் அவருடைய சொந்தச் சரக்கு நகைச்சுவை. 'சதாரமே' நாடகத்தில் அவர் போட்ட திருடன் வேடத்துக்காகவே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நம் நாடக மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போலக் கள்ளபார்ட் என்று ஒன்று உண்டல்லவா? அதேதான். 'சதாரம்' தமிழ் மேடைக்கும் நன்றாகப் பழக்கமான கதையே.

இந்த மேடைச் சிரிப்புக்காரர் ஊமைப் படத்துக்கும் போனார். கர்நாடகா பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பெல்ஜியம் நாட்டவரான ரஃபேல் அல்கோயெட் இயக்கத்தில் 'ஹிஸ் லவ் அஃபேர்' (1931), ஒய்.வி. ராவ் இயக்கத்தில் 'ஹரிமாயா' (1932) முதலிய மௌனப் படங்களை எடுத்தார். இந்த ஒய்.வி. ராவ்தான் பின்னால் 1937-இல், ஓராண்டுக்கு மேல் ஓடிய 'சிந்தாமணி'யைத் தமிழில் இயக்கியவர்.

காலத்தைக் கவனியுங்கள். 1931 மார்ச் 14-இல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா', அதே ஆண்டு அக்டோபர் 31-இல் 'காளிதாஸ்'. பேச்சு வந்துவிட்ட அதே வேளையில் இவர் மௌனப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரக் கணக்கில் தாமதமான ரயிலில் ஏறிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் கலைக் கணக்கில்? இருபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் பேசியும் பாடியும் கூட்டத்தைக் கட்டிப்போட்டவருக்கு மௌனம்தான் அந்நியம். ஓசை வந்தபோது அவர் வேலையை இழக்கவில்லை, தம் வீட்டுக்குத் திரும்பினார். 1935-இல் 'சதாரமே' பேசும் படமாக வந்தது. திருடனாக நடித்தவர் வீரண்ணாவே. இயக்கியவர் ராஜா சந்திரசேகர். பின்னால் தியாகராஜ பாகவதரின் 'அசோக் குமார்' படத்தை 1941-இல் இயக்கியவர் இவர்தான். அதே 1935-இல் கே. சுப்ரமணியம் தமிழில் 'நவீன சதாரம்' எடுத்தார். இரண்டு மொழிகளும் ஒரே திருடனைத் தேடி ஓடிய ஆண்டு அது!

அதன் பிறகும் அவர் நிற்கவில்லை. 'சுபத்ரா' (1941), 'ஜீவன நாடகா' (1942) என்று படங்கள் வந்தன. 1954-இல் அவருடைய நிறுவனத்தின் பங்கோடு வந்த 'பேடர கண்ணப்பா' நம் கண்ணப்ப நாயனார் கதை. அதில் கதாநாயகனாக அறிமுகமான, குப்பி கம்பெனியில் வளர்ந்த இளைஞர்தான் ராஜ்குமார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற வீரண்ணா, அதே ஆண்டில் மறைந்தார்.

தமிழில் இதற்கு இணையாக ராஜா சாண்டோவைச் சொல்லலாம். இவர் சிரிப்பு நடிகர் அல்லர், உடற்கட்டுக்குப் பேர் போன வீரர். புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கம், பம்பாய் ஊமைப் படங்களில் பெரிய நட்சத்திரம். சென்னைக்கு வந்து 'பேயும் பெண்ணும்' போன்ற மௌனப் படங்களை இயக்கினார். ஓசை வந்தபோது அவர் செய்தது என்ன தெரியுமா? 1935-இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'மேனகா'வைப் பேசும் படமாக இயக்கினார். அந்தப் படத்தில்தான் தமிழகம் முதன்முதலில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைத் திரையில் கண்டது. பேசிச் சிரிக்க வைத்த மேதையை, பேசாத படத்திலிருந்து வந்தவர் திரைக்குக் கொண்டுவந்தார். பம்பாயில் நூர் முகம்மது என்ற ஊமைப் பட நடிகரோ, 1933-இல் 'தி இந்தியன் சார்லி' படத்துக்குப் பிறகு 'சார்லி' என்பதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, பேசும் படங்களில்தான் உச்சத்தைத் தொட்டார்.

பெட்டி யாரிடம் இருந்தது?

அப்படியானால் "ஓசை கொன்றது" என்ற கதை எப்படி நிலைத்தது? ஒரு காரணம் எழுத்து. 1949-இல் அமெரிக்க 'லைஃப்' இதழில் ஜேம்ஸ் ஏஜி என்ற விமர்சகர், ஊமைப் பட நகைச்சுவையைப் போற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சாப்ளின், லாயிட், லாங்டன், கீட்டன் ஆகிய நால்வரையும் அது மறுபடி நினைவுபடுத்தியது. அது பெரிய உபகாரம். ஆனால் ஓசை வந்தபின் சிரிப்பு தேய்ந்துவிட்டது என்ற துக்கத்தையும் அதே கட்டுரை சேர்த்து விதைத்தது. பின்னால் வந்தவர்கள் அந்தத் துக்கத்தையே வரலாறாக எழுதினார்கள்.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: படப் பெட்டி. எந்தப் பெட்டி பிழைத்ததோ அந்தப் படம்தான் நினைவில் நிற்கும். கீட்டன் ஒரு காலத்தில் கட்டிய மாளிகையில் பிற்பாடு ஜேம்ஸ் மேசன் என்ற நடிகர் குடியிருந்தார். ஐம்பதுகளில் அந்த வீட்டில் கீட்டனின் பழைய படச் சுருள்கள் கிடைத்தன. அவை மீண்டும் திரைக்கு வந்தன. கீட்டன் புகழ் மறுபிறவி எடுத்தது. 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியபோது அவர் உயிரோடு இருந்து பார்த்தார். லாயிடோ தம் படங்களைத் தாமே சொந்தமாக வைத்திருந்தார். ஆனால் தொலைக்காட்சிக்குத் தாராளமாகக் கொடுக்கவில்லை. 1943-இல் அவர் வீட்டுப் படக் கிடங்கில் தீப்பிடித்துச் சில ஆரம்பப் படங்கள் அழிந்தும் போயின. ஒரு தலைமுறை அவரைப் பார்க்காமலே வளர்ந்தது.

நம் நிலை இன்னும் மோசம். இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதைத் தாண்டாது. அவற்றுள்ளும் சில துண்டுகள்தாம். அந்நாளைய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். தீக்குத் தப்பியதை வெள்ளிக்காக உருக்கினார்கள். புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-இல்தான். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' நமக்கு இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் காப்பகத்தில் நாம் பார்க்கக் கிடைப்பது 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா'.

ஆகவே வீரண்ணாவின் மௌனப் பட நடிப்பு எப்படி இருந்தது என்று யாராலும் இன்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வரலாறு அவரை நாடகக்காரராக மட்டும் நினைவு வைத்து, சினிமா வேலையை ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அவர் திறமை குறைந்ததால் அல்ல, நம்மிடம் பெட்டி இல்லாததால். எனக்கென்னவோ, குப்பி டீக்கடையில் அந்தக் கேங்மேன் நடந்து காட்டிய பத்தடி நடைதான் நான் பார்த்த வீரண்ணா படம்.

வீட்டில் ஒரு பெட்டி

இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருப்பது நினைவுக்கு வந்தது. என் தந்தையார் நீராவி எஞ்சின் டிரைவர். டிரைவர்கள் வண்டியில் ஏறும்போது கொண்டுபோகும் இரும்பு லைன் பாக்ஸ் அது. எழுபதுகளில் எங்கள் பக்கம் டீசல் வந்தது. "டீசல் வந்ததும் அவர் ஓய்ந்துவிட்டார்" என்றுதான் எங்கள் உறவில் எல்லாரும் சொல்வார்கள். அவர் காரியத்தன்று ஒரு பெரியவர், "நிலக்கரி எஞ்சினோடு அவர் காலமும் முடிஞ்சுது" என்றார். நானும் தலையாட்டினேன்.

பெட்டியை இறக்கித் திறந்தேன். துணியில் சுற்றிய சின்ன நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு நாளும் எந்த வண்டி, எந்த எஞ்சின் எண், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று பென்சிலில் குறித்திருக்கிறார். பாதிக்கு மேல் டீசல் எஞ்சின் எண்கள். பதினோரு ஆண்டுகள் டீசல் ஓட்டியிருக்கிறார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பயிற்சிக்குப் போய், புது எஞ்சினின் பாகங்களைப் படம் போட்டு, ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதி உருப்போட்ட பக்கங்கள்கூட இருக்கின்றன. வீட்டில் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. தலைப்பாகை, கரி படிந்த முகம் இவைதான் எங்களுக்குப் படமாக நின்றன. மிச்சமெல்லாம் ஒரு வரியில் போய்விட்டது. சினிமா வரலாறு கீட்டனுக்குச் செய்ததை நான் என் தந்தைக்குச் செய்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு டிராலிப் பயணம்

கீட்டனின் கடைசி நாட்களில் ஒரு படம் உண்டு. கனடா தேசியத் திரைப்பட வாரியம் எடுத்து 1965-இல் வெளிவந்த 'தி ரயில்ராடர்'. ஓடுவது அரை மணி நேரத்துக்கும் குறைவு. அட்லாண்டிக் கரையில் ஒரு சிறிய ரயில் டிராலியில் ஏறும் கிழவர், கனடா முழுவதையும் கடந்து பசிபிக் கரை போய்ச் சேருகிறார். வாயைத் திறப்பதே இல்லை. டிராலியில் உள்ள பெட்டியிலிருந்து தேநீர்க் கோப்பை, தலையணை, கம்பளிக் கோட்டு என்று வந்துகொண்டே இருக்கும். முன்னும் பின்னும் கொடி பிடிக்க ஆளில்லாமல் மெயின் லைனில் டிராலி ஓடுவதைப் பார்த்து என் போன்றவர்களுக்கு நெஞ்சு பதைக்கும்! உயரமான பாலத்தைக் கடக்கும்போது, விரித்த வரைபடம் முகத்தை மூட அவர் திண்டாடும் காட்சி ஒன்று வரும். ஆபத்து என்று இயக்குநர் தயங்க, கீட்டன் வாதாடி அதை எடுக்க வைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. படப்பிடிப்பை எடுத்த ஆவணப்படம் ஒன்றும் இருக்கிறது. அதில் அவர் பேசுவதைக் கேட்கலாம். பேச்சு முழுவதும் வேலையைப் பற்றித்தான்.

பிள்ளைகள் நினைவில் வைக்க

1. ஒரு புதுமை வந்தவுடன் பழையவர் எல்லாரும் ஒழிந்தார்கள் என்று எங்கே படித்தாலும் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். காரணம் முன்னாலேயே இருக்கக்கூடும்.

2. வெளிநாட்டுக் கதையை நம் ஊருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். நம் நடிகர்களில் பலர் பாட்டும் பேச்சும் நிறைந்த மேடையிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஓசை எதிரி அல்ல.

3. ஒருவரைப் பற்றி நமக்குத் தெரியாமல் இருப்பதற்கு, அவர் ஒன்றும் செய்யவில்லை என்று பொருள் அல்ல. செய்தது பாதுகாக்கப்படவில்லை என்றும் இருக்கலாம்.

வீட்டுப் பாடம் ஒன்று தருகிறேன். உங்கள் தாத்தா, பாட்டியிடம் அவர்கள் செய்த வேலை மாறியபோது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மில் மூடியபோது, தட்டச்சுப் பொறி போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, ஊரை விட்டு பெங்களூருக்கு வந்தபோது. ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு, ஒரு பெட்டியில் வையுங்கள்.

முன் வரிசைச் சிறுமிக்கு: கேட்டுவிட்டேன் அம்மா. குரல் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பேரனையும் கைப்பேசியையும் அழைத்து வருகிறேன். எல்லாருமாகச் சேர்ந்து கேட்போம்.